மனச்சோர்வுக்கு வார்டில் கொடுக்கும் மருந்துகள்: வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மாலையில் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். டாக்டரிடம் கேட்கத் தயக்கம், சிஸ்டரிடம் கேட்கலாம் என்று வருகிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

"டிப்ரஷன்னா கவலைதானே சிஸ்டர்? அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரியில சேர்க்கணும்?"

கவலைக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் தீர்ந்தால், அல்லது நாள் போனால் கவலையும் இறங்கும். மனச்சோர்வு நோய் அப்படியல்ல. இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக நாள் முழுக்க, தூக்கம், பசி, யோசனை, உடம்பின் தெம்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். பேரன் வந்து மடியில் உட்கார்ந்தால்கூடச் சந்தோஷம் வராது.

இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் வெளிநோயாளியாக வந்தே குணமாகிறார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வலுவாக இருப்பவர்கள், சாப்பாடும் தண்ணீரும் விட்டவர்கள், காதில் குரல் கேட்பவர்கள், பிரசவத்துக்குப் பின் நோய் முற்றியவர்கள், வெளியில் பார்த்த வைத்தியம் பலிக்காதவர்கள் ஆகியோரைத்தான் சேர்க்கிறோம்.

"பக்கத்து பெட்டுக்கும் டிப்ரஷன்தான், எங்க பையனுக்கும் டிப்ரஷன்தான். அவங்களுக்கு ஒரு மாத்திரை, இவனுக்கு வேற மாத்திரை. ஏன்?"

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்கள். ஆனால் ஒருவருக்கு வாழ்நாளில் சோர்வு மட்டும்தான் வந்திருக்கும். அது ஒற்றைமுனை மனச்சோர்வு. இன்னொருவருக்கு எப்போதோ ஒரு காலத்தில் அதற்கு நேர் எதிரான மனஎழுச்சியும் வந்துபோயிருக்கும். அது இருமுனை நோய்; டாக்டர்கள் பைபோலார் என்பார்கள். முன்னவருக்கு முதல் மருந்து சோர்வு நீக்கி. பின்னவருக்கு அதே சோர்வு நீக்கியைத் தனியாகக் கொடுத்தால் சிலசமயம் மனம் எதிர்முனைக்குத் தாவிவிடும், அல்லது ஏற்ற இறக்கம் அடிக்கடி வர ஆரம்பிக்கும். அதனால் அவருக்கு மனநிலையை நிலைப்படுத்தும் மருந்துதான் அடிப்படை.

இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால், கீழே வரும் பதில்களில் பாதி தானாகவே புரியும்.

"டாக்டர் ஏன் பழைய கதையெல்லாம் துருவித் துருவிக் கேக்குறார்?"

மேலே சொன்ன வித்தியாசம் ரத்தப் பரிசோதனையில் தெரியாது. ஸ்கேனிலும் தெரியாது. கதையில்தான் தெரியும். அந்தக் கதை பெரும்பாலும் நோயாளியிடம் இருக்காது. மனஎழுச்சி வந்த நாட்களை அவர் "நான் நல்லா இருந்த காலம்" என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். சேர்க்கைச் சீட்டில் வீட்டார் சொல்லும் விஷயங்களில் மருந்தையே மாற்றிவிடக்கூடியது இதுதான். ஆனால் நிறைய பேர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

டாக்டர் தேடுவது இப்படிப்பட்ட காலங்களை: மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லை, பேச்சு நிற்கவில்லை, கையில் காசில்லாமலே கடை போட அட்வான்ஸ் கொடுத்தார், ஊர்ப் பெரியவர்களிடம் சண்டைக்குப் போனார், வண்டியை வித்துவிட்டு வந்தார். இது ஒரு வாரம் நீடித்தாலோ ஆஸ்பத்திரி வரை போனாலோ மனஎழுச்சி. மிதமாக நான்கு நாள் இருந்தாலும் கணக்கில் சேரும். வேறு தடயங்களும் உண்டு: முதல் சோர்வு 25 வயதுக்கு முன்பே வந்தது, நெருங்கிய உறவில் யாருக்காவது பைபோலார் இருந்தது, குழந்தை பெற்ற சில வாரத்தில் நோய் வந்தது, முன்பு சோர்வு நீக்கி சாப்பிட்டபோது திடீரென்று "ஓவராக" ஆனது. சித்தப்பாவுக்கு அப்படி இருந்தது என்பதைக் குடும்ப மானம் கருதி மறைக்க வேண்டாம். சொன்னது வார்டை விட்டு வெளியே போகாது.

"மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இவ்வளவு ரத்தம் எடுக்குறாங்களே?"

தைராய்டு குறைந்தால் அப்படியே மனச்சோர்வு போலத் தெரியும். ரத்தசோகையும் பி12 குறைவும் சோர்வைக் கூட்டும். முதலில் அதைப் பார்க்கிறார்கள். அப்புறம், சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்க்காமல், மனநிலையை நிலைப்படுத்தும் மருந்தான லித்தியம் கொடுக்க முடியாது. கல்லீரலைப் பார்க்காமல், அதே வகையைச் சேர்ந்த வால்ப்ரோயேட் கூடாது. சர்க்கரை, கொழுப்பு, எடை, இடுப்பளவு ஆகியவற்றைக் குறித்து வைக்காவிட்டால் பின்னால் மருந்தால் ஏறியது எவ்வளவு என்று தெரியாது. சில மருந்துகள் இதயத் துடிப்பின் ஒழுங்கைத் தொடும் என்பதால் இசிஜி. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. அதில் தப்பாக நினைக்க எதுவும் இல்லை.

"சாதா டிப்ரஷனுக்கு என்ன மாத்திரை குடுப்பாங்க?"

ஒற்றைமுனை என்று தெரிந்தால் முதலில் வருவது எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸிடின் குடும்பம். எஸ்சிடலோபிராம் வழக்கமாக 10 மி.கி., தேவைப்பட்டால் 20. செர்ட்ரலின் 50-இல் தொடங்கி 200 வரை போகலாம். தூக்கமும் பசியும் அடியோடு போனவர்களுக்கு இரவில் மிர்டாசபின் பொருந்தும். குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மாருக்குப் பெரும்பாலும் செர்ட்ரலினைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இமிப்ரமின், அமிட்ரிப்டிலின் ஆகியவை பழைய மருந்துகள். இமிப்ரமினின் குணத்தை 1950-களில் ஸ்விட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். பழசு என்பதால் மட்டம் என்று அர்த்தமில்லை, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வாய் வறட்சி, மலச்சிக்கல், மயக்கம் அதிகம். ஒரேயடியாக நிறைய விழுங்கினால் இதயத்தைப் பாதித்து உயிரையே எடுக்கும். தற்கொலை எண்ணம் உள்ளவர் கையில் ஒரு மாத ஸ்டாக்கைக் கொடுத்து அனுப்பாதது அதனால்தான்.

காதில் குரல் கேட்கிறது, "நான் பாவி, எனக்குத் தண்டனை வரப்போகிறது" என்று உறுதியாக நம்புகிறார் என்றால், சோர்வு நீக்கி மட்டும் போதாது. கூடவே ஆன்டிசைக்காடிக் (இல்லாத குரலையும் பொய்யான நம்பிக்கையையும் அடக்கும் மருந்து) வேண்டும், அல்லது இசிடி என்ற மின் அதிர்வு சிகிச்சை. இசிடி பற்றிக் கீழே சொல்கிறேன்.

"சேர்த்து ஒரு வாரமாச்சு. ஒண்ணும் தெரியலையே? வேற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடவா?"

ஒரு வாரத்தில் முழுப் பலனை எதிர்பார்க்க முடியாது. முதலில் கிடைப்பது பலன் இல்லை, தொந்தரவுதான்: குமட்டல், லேசான வயிற்றுப்போக்கு, தலைவலி, படபடப்பு. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடும். மனம் தெளிவது 2 முதல் 4 வாரத்தில் தொடங்கும். முழுதாகத் தெரிய 6 வாரம்கூட ஆகலாம். நாங்கள் முதலில் கவனிப்பது சிரிப்பை அல்ல. தூங்குகிறாரா, தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறாரா, தானாகக் குளிக்கிறாரா என்பதைத்தான். இவை மாறினால் மருந்து வேலையைத் தொடங்கிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. உடம்பில் தெம்பு முதலில் வரும், மனம் பின்னால் வரும். நடுவில் உள்ள நாட்களில் சாகும் எண்ணம் இன்னும் இருக்க, அதைச் செய்யும் சக்தி மட்டும் திரும்பியிருக்கும். அதனால் "கொஞ்சம் தேறிட்டார்" என்று வீட்டார் ஆசுவாசப்படும் நேரத்தில்தான் நாங்கள் கூடுதலாகக் கவனிப்போம். வாயைத் திறந்து காட்டச் சொல்வதும், துண்டையும் கயிறையும் எடுத்து வைப்பதும் அதற்குத்தான். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2007-இல் இருந்து மருந்து விவரத்தாளிலேயே எச்சரிக்கை போட வைத்திருக்கிறது. திடீரென்று நிலைகொள்ளாமல் அலைந்தாலோ, தூக்கம் மேலும் கெட்டாலோ, வழக்கத்துக்கு மாறாக உற்சாகமானாலோ உடனே சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னது பைபோலாரின் தடயமாகவும் இருக்கலாம்.

"முதல் மாத்திரை கேக்கலைன்னா கேஸ் முடிஞ்சதா?"

இல்லவே இல்லை. அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 2006-இல் வந்தன. அதில் முதல் மருந்திலேயே நோய் முழுதாக விலகியது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான். ஆக, முதல் மருந்து போதாமல் போவது வழக்கமான விஷயம்.

அப்போது டாக்டர் முதலில் சில கேள்விகளைக் கேட்பார். மாத்திரை வயிற்றுக்குள் போனதா? அளவு போதுமா? நாட்கள் போதுமா? குடி இருக்கிறதா? தைராய்டு பார்த்தாயிற்றா? இது ஒற்றைமுனைதானா? இவை சரி என்றால் வேறு மருந்துக்கு மாற்றுவார், அல்லது இருக்கும் மருந்தோடு லித்தியம், குவெட்டியாபின், அரிப்பிப்ரசோல் போல ஒன்றைச் சேர்ப்பார். லித்தியம் சேர்த்தவுடனே "அப்போ பைபோலாரா?" என்று பதற வேண்டாம். ஒற்றைமுனையிலும் அதற்கு இடமுண்டு.

"பைபோலார்னு சொன்னதும் டிப்ரஷன் மாத்திரையை நிறுத்திட்டாங்க. ஆனா அவ இப்பவும் அழுதுட்டுதானே இருக்கா?"

அழுகைக்கு மருந்து இல்லாமல் விட்டுவிடவில்லை. இருமுனையின் சோர்வுக்கு என்றே நிரூபணமான மருந்துகள் வேறு. குவெட்டியாபின் (இரவில், படிப்படியாக ஏற்றிப் பொதுவாக 300 மி.கி.), லுராசிடோன், ஓலான்சபினும் ஃப்ளூவாக்ஸிடினும் சேர்ந்த கூட்டு, நீண்டகாலத் தடுப்புக்கு லாமோட்ரிஜின், லித்தியம்.

சோர்வு நீக்கியைச் சேர்த்தால் கூடுதல் நன்மை உண்டா என்று 2007-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் பார்த்தார்கள். மனநிலை நிலைப்படுத்தியோடு சோர்வு நீக்கி சேர்த்தவர்களும் வெற்று மாத்திரை சேர்த்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேறினார்கள். அதற்காக இருமுனையில் சோர்வு நீக்கியே கூடாது என்றும் இல்லை. நிலைப்படுத்தியின் பாதுகாப்போடு, குறிப்பிட்ட காலத்துக்குச் சிலருக்குக் கொடுப்பதுண்டு. நடைமுறையில் பல வார்டுகளில் அப்படிக் கொடுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பழைய இமிப்ரமின் வகையும் வென்லாஃபாக்சினும் மனஎழுச்சிக்குத் தள்ளும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவற்றைத் தவிர்ப்பார்கள்.

"குவெட்டியாபின் பைத்தியத்துக்குக் குடுக்கிற மருந்துனு மெடிக்கல்ல சொல்றாங்களே?"

அந்தக் கடைக்காரரிடம் இனி சீட்டைக் காட்டி மருந்தை மட்டும் வாங்குங்கள், விளக்கம் கேட்காதீர்கள். அந்த மருந்து ஆன்டிசைக்காடிக் வகையைச் சேர்ந்தது, உண்மைதான். ஆனால் ஒரே மருந்து அளவுக்கும் நோய்க்கும் ஏற்பப் பல வேலை செய்யும். கவனிக்க வேண்டியது எடையையும் சர்க்கரையையும். குவெட்டியாபினும், அதைவிட ஓலான்சபினும் பசியைத் தூண்டும். இரவு பத்து மணிக்கு இன்னொரு தடவை சோறு கேட்பார்கள். லுராசிடோனில் எடை ஏறுவது குறைவு. ஆனால் அதை வயிறு நிறையச் சாப்பிட்டவுடன்தான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும்.

"லித்தியம்னா பேட்டரியில போடுறதுதானே? அதையா மனுஷனுக்குக் குடுக்குறீங்க?"

அதே தனிமம்தான். மாத்திரையில் வருவது அதன் உப்பு, லித்தியம் கார்பனேட். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் மனஎழுச்சி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1949-இல் எழுதினார். அதற்குப் பிறகு எத்தனையோ புது மருந்துகள் வந்தும் இதை அகற்ற முடியவில்லை. இருமுனையில் இரண்டு பக்கத்தையும் திரும்ப வராமல் தடுப்பதிலும், தற்கொலையைக் குறைப்பதிலும் இதற்குத் தனிப் பெயர் உண்டு. கம்பெனிகள் இதை விளம்பரப்படுத்துவதில்லை, மலிவான மருந்தில் லாபம் ஏது? என் கணக்கில், கொடுக்க வேண்டிய அளவுக்கு இதைக் கொடுக்காமல் விடுகிறோம்.

பயப்பட வேண்டிய காரணம் ஒன்றுதான்: பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. ரத்தத்தில் பொதுவாக 0.6 முதல் 1.0 வரை இருக்கலாம், வயதானவர்களுக்கு இன்னும் கீழே. 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. அதனால்தான் ரத்த அளவு பார்க்கிறோம். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். காலையில் மாத்திரை போட்டுவிட்டு லேபுக்கு வந்தால் எண் பொய் சொல்லும். ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். அளவு நிலைபெற்ற பின்னும் சில மாதத்துக்கு ஒருமுறை லித்தியம் அளவையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

விரல் லேசாக நடுங்குவது, தாகம், அடிக்கடி சிறுநீர் இவை சாதாரணம், டாக்டரிடம் சொன்னால் போதும். கை பெரிதாக உதறுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்கு குழறுவது, தள்ளாடி நடப்பது, மந்தமாகிப் போவது இவை விஷ அறிகுறிகள். அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டி வாருங்கள். குடித்திருக்கிறார் என்று நினைத்து வீட்டிலேயே படுக்க வைத்துவிடுகிறார்கள்.

"உப்பில்லாப் பத்தியம் இருக்கச் சொன்னாங்க. விரதமும் இருக்கு. லித்தியத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

ரொம்பச் சம்பந்தம். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் உப்பைச் சேமிக்கப் பார்க்கும். அப்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாத்திரை அதே அளவுதான், ரத்தத்தில் மட்டும் ஏறிவிடும். நாட்டு மருந்துக்கு உப்பில்லாப் பத்தியம், தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், ரம்ஜான் நோன்பு, கத்திரி வெயிலில் வயல் வேலை, வாந்திபேதி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். உப்பை அள்ளிப் போட வேண்டியதில்லை, நேற்று சாப்பிட்ட மாதிரியே இன்றும் சாப்பிடுங்கள். நோன்பு இருக்க விருப்பமென்றால் முன்கூட்டியே கேட்டு வேளையை மாற்றிக்கொள்ளலாமா என்று பாருங்கள்.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன் இரண்டும் லித்தியத்தை ஏற்றும். ரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகளும், நீர் பிரிய வைக்கும் மாத்திரைகளும் அப்படியே. வலி, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். லித்தியம் இல்லாமல் எஸ்சிடலோபிராம் வகை சாப்பிடுபவர்களும் அந்த வலி மாத்திரைகளில் கவனமாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம்.

"லாமோட்ரிஜினை ஏன் இவ்வளவு மெதுவா ஏத்துறாங்க?"

தோலுக்காக. வேகமாக ஏற்றினால் உயிருக்கே ஆபத்தான தோல் எதிர்வினை வரக்கூடும். பெரியவர்களில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவர். அதனால் இரண்டு வாரம் 25 மி.கி., அடுத்த இரண்டு வாரம் 50, பிறகு 100, பிறகு 200 என்று போகும். கூட வால்ப்ரோயேட் இருந்தால் இதிலும் பாதி. முதல் இரண்டு மாதத்தில் தடிப்பு வந்தால், குறிப்பாக வாய்ப்புண், கண் சிவப்பு, காய்ச்சலோடு வந்தால், நிறுத்திவிட்டு ஓடி வாருங்கள். சில நாட்கள் தொடர்ந்து விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்கக் கூடாது. முதல்படியிலிருந்து ஏற வேண்டியிருக்கும், கேட்டுவிட்டுப் போடுங்கள்.

"தூக்க மாத்திரைக்கு அடிமையாயிடுவாரா?"

சோர்வு நீக்கிகளுக்கும் லித்தியத்துக்கும் போதை அடிமைத்தனம் கிடையாது. லோரசிபாம், குளோனசிபாம் வகைக்கு உண்டு. மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை, சில வாரத்துக்கு மட்டும் என்றுதான் அவற்றை எழுதுகிறார்கள். சீட்டு முடிந்த பிறகும் கடையில் "அந்தக் குட்டி மாத்திரை நல்லா இருந்துச்சு" என்று கேட்டு வாங்குவதில்தான் சிக்கல். மாதக்கணக்கில் போட்டவர் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம்.

"ஒரு ஆளுக்கு இத்தனை மாத்திரை தேவையா சிஸ்டர்?"

நியாயமான கேள்வி. வார்டில் இருப்பவர்களுக்கு இரண்டு, மூன்று வகை ஓடுவது சகஜம். இருமுனை நோயாளிகளுக்கு நிலைப்படுத்தி, ஆன்டிசைக்காடிக், தூக்கத்துக்கு ஒன்று என்று கூடிவிடும். நோய் கடுமையாக இருக்கும்போது அதற்குக் காரணம் இருக்கும். ஆனால் அவசரத்துக்குச் சேர்த்தது வீட்டுக்கும் கூடவே போய் வருடக்கணக்கில் தங்கிவிடுவதும் உண்டு. டிஸ்சார்ஜ் அன்று ஒவ்வொரு மாத்திரையையும் தொட்டுக் காட்டி "இது எதுக்கு? எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை, டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"ஷாக் வைக்கணும்னு சொல்றாங்க. சினிமால காட்டுற மாதிரியா?"

இல்லை. மயக்க மருந்தும் தசை தளர்த்தியும் கொடுத்துத்தான் இசிடி செய்வார்கள். அவை இல்லாமல் செய்வதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாப்பாட்டையே நிறுத்தியவர், குரல் கேட்கும் கடும் சோர்வு, மருந்து வேலை செய்யும்வரை காத்திருக்க முடியாத தற்கொலை ஆபத்து என்ற நிலைகளில் மருந்தைவிட வேகமாகப் பலன் தரும். ஒற்றைமுனை, இருமுனை இரண்டுக்கும் பொருந்தும். அந்த நாட்களில் நடந்தவை சில மறந்துபோகலாம். இசிடி முடிந்ததும் மருந்து தேவையில்லை என்று ஆகாது. திரும்ப வராமல் காப்பது மருந்துதான்.

"வெளிய சொல்ல முடியல... மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து தாம்பத்தியம் சரியில்ல."

எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் வகையில் இது அடிக்கடி வருவதுதான், ஆணுக்கும் பெண்ணுக்கும். நிரந்தர ஆண்மைக் குறைவு என்று பயந்து லாட்ஜ் வைத்தியரிடம் போக வேண்டாம். அளவைக் குறைப்பது, மிர்டாசபினுக்கோ புப்ரோபியானுக்கோ மாற்றுவது என்று வழிகள் இருக்கின்றன. இதைச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி நோயோடு வருபவர்கள் நிறைய. பெண் டாக்டரிடமோ ஆண் டாக்டரிடமோ பேச வேண்டும் என்றால் எங்களிடம் சொல்லுங்கள், ஏற்பாடு செய்வோம்.

"பொண்ணுக்குக் கல்யாணம் பேசுறோம். இந்த மாத்திரையோட குழந்தை பெத்துக்கலாமா?"

பெறலாம், ஆனால் திட்டமிட்டு. வால்ப்ரோயேட் மட்டும் வேண்டாம். கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டால் பத்தில் ஒரு குழந்தைக்கு உறுப்புக் குறை, பத்தில் மூன்று நான்கு குழந்தைக்கு வளர்ச்சியிலும் படிப்பிலும் சிக்கல் வரலாம். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்ணின் சீட்டில் அது இருந்தால் இப்போதே டாக்டரிடம் பேசுங்கள், தானாக நிறுத்த வேண்டாம். லித்தியத்தில் இதயக் குறைக்கான வாய்ப்பு சற்றுக் கூடும், கண்காணிப்போடு தொடர்வதுண்டு. லாமோட்ரிஜின் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை அதன் அளவைக் குறைத்துவிடும். பிரசவம் முடிந்த முதல் வாரங்கள் இருமுனை உள்ள பெண்ணுக்கு மிக ஆபத்தான காலம். தூக்கம் கெடாமல் பார்க்கும் பொறுப்பை மாமியார் வீடும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகவாவது நோயைச் சொல்லிக் கல்யாணம் செய்வது நல்லது.

"மாத்திரையே வேண்டாம்னு துப்புறார். சாம்பார்ல கலந்து குடுத்துடலாமா?"

வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். வேண்டாம். சில மாத்திரைகள் மெதுவாகக் கரையும்படி செய்தவை, பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கும். லித்தியத்தில் இது விளையாட்டில்லை. பாதித் தட்டு மீந்தால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. அதைவிட, ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் வீட்டில் எதையும் சாப்பிட மாட்டார்.

ஏன் துப்புகிறார் என்று முதலில் கேளுங்கள். தூங்கி வழிகிறதா, கை நடுங்குகிறதா, நோயே இல்லை என்கிறாரா? நாக்கில் கரையும் மாத்திரை, திரவ மருந்து, ஒருநாளைக்கு ஒரே வேளை என்று மாற்ற முடியும். நிலைமை கைமீறினால் 2017 மனநலச் சட்டத்தின்படி, நோயாளியின் சார்பில் பேசும் நியமனப் பிரதிநிதி விண்ணப்பித்து, ஆதரவுடன் கூடிய சேர்க்கையாக 30 நாள் வரை வார்டில் வைத்துப் பார்க்க வழியுண்டு.

"குணசீலத்துல 48 நாள் தங்கினா சரியாகும்னு சொல்றாங்க. ஏர்வாடிக்கும் போகலாமா?"

குணசீலம் கோயிலுக்கும் போங்கள், ஏர்வாடி தர்காவுக்கும் போங்கள், கும்பிடுங்கள். மாத்திரையையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை இப்போது சட்டமே தடை செய்கிறது. பிற்பாடு அங்கே பிரார்த்தனையோடு மருந்தும் சேரும்படி அரசுத் திட்டமும் வந்தது. மந்திரித்துக் கயிறு கட்டுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. "மருந்தை நிறுத்தினால்தான் அருள் இறங்கும்" என்று சொல்லும் இடத்தில் மட்டும் தங்காதீர்கள்.

"நல்லாயிட்டார். எப்ப நிறுத்தலாம்?"

ஒற்றைமுனையில் முதல் தடவை என்றால், குணமான நாளிலிருந்து குறைந்தது 6 முதல் 9 மாதம், குணப்படுத்திய அதே அளவில். பலமுறை வந்திருந்தால் இரண்டு வருடமோ அதற்கு மேலோ. நிறுத்தும்போது படிப்படியாக. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரும்.

இருமுனையில் பேச்சே வேறு. அங்கே மருந்து பெரும்பாலும் பல வருடங்களுக்கு, சிலருக்கு ஆயுளுக்கும். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் மனஎழுச்சி சில வாரத்திலேயே திரும்பலாம். நிறுத்தியே ஆக வேண்டும் என்றாலும் மாதக்கணக்கில் குறைக்க வேண்டும்.

"நாங்க திருப்பூருக்கு வேலைக்குப் போறோம். அங்க போய் எந்தச் சீட்டைக் காட்டணும்?"

டிஸ்சார்ஜ் சுருக்கம், கடைசி ரத்தப் பரிசோதனை (லித்தியம் அளவு தேதியோடு), இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், இதுவரை ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பெயர். கடைசியாகச் சொன்னதை யாரும் எழுதி வைப்பதில்லை, புது டாக்டருக்கு அதுதான் முதலில் வேண்டும். எந்த மருந்தில் "ஓவராக" ஆனார் என்பதையும் அதில் சேருங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை 2017 சட்டத்தில் இருக்கிறது.

மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மனநல மருத்துவர் வருவார், மருந்து இலவசம். எந்தக் கிழமை என்று போன உடனேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், கையில் உள்ள மாத்திரை தீரும்வரை காத்திருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்களில் தற்கொலை ஆபத்து அதிகம் என்பதால் முதல் சந்திப்பை ஒரு வாரத்துக்குள் வையுங்கள். பூச்சிமருந்தையும் மிச்ச மாத்திரையையும் பூட்டி வையுங்கள். நடுராத்திரியில் அவசரம் என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.